ஆல்பம் தொடங்குவதற்கு முன்: லாபிஸ் வட்டாரத் திருமணப் புகைப்படமும் அடுக்களையும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் வாழ்வியலை ஆராய்வோர் நாட்டுப்புறப் பாடல், சிறுகதை, நாளிதழ்ச் செய்தி, தோட்டப் பதிவேடு முதலியவற்றைச் சான்றுகளாகக் கொள்வது வழக்கம். ஏறத்தாழ எல்லா வீட்டு அலமாரியிலும் துணி சுற்றி வைக்கப்பட்டிருக்கும் திருமண ஆல்பம் இவ்வரிசையில் அரிதாகவே இடம்பெறுகிறது. அது தனிக்குடும்பத்தின் நினைவுப் பொருள் என்று ஒதுக்கப்படுவதே இதற்குக் காரணம் எனலாம்.

பிற இடங்களில் இந்நிலை முன்னரே மாறிவிட்டது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியேர் பூர்தியூ 1965ஆம் ஆண்டில் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வில், குடும்பப் புகைப்படம் என்பது குடும்பம் தன் ஒற்றுமையைத் தனக்கே உறுதிப்படுத்திக்கொள்ளும் ஒரு சடங்கு என்று விளக்கினார். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையுடன், தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்முறையில் பதிவுசெய்துள்ளது.

இக்கட்டுரை ஜொகூர் மாநிலத்து லாபிஸ் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு, திருமணப் புகைப்படக் கலைஞரின் அன்றாடம், அவர் பதிவுசெய்யும் குடும்ப விழாக்கள், அவ்விழாக்களைத் தாங்கும் வீட்டுச் சமையல் ஆகிய மூன்றையும் இணைத்து நோக்குகிறது. ஆல்பம் காட்டுவதை மட்டுமன்றி, அது காட்டாது விடுவதையும் சேர்த்து வாசித்தல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

இருப்புப்பாதையும் தோட்டமும்

லாபிஸ், சிகாமட் மாவட்டத்தைச் சேர்ந்த சிறு பட்டணம். கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவிற்குச் செல்லும் இருப்புப்பாதை 1909ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அப்பாதையை ஒட்டிய நிலங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றில் பால்மரம் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் குடியேறினர். திறன்சாராத் தொழிலாளர் உதவிபெற்றுக் குடியேறுவதை இந்திய அரசு 1938இல் தடைசெய்யும் வரையில் கங்காணி முறையின்வழி அவ்வரவு நீடித்தது.

1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல், பின்னர் ரப்பர் நிலங்கள் செம்பனைக்கு மாறியமை, இளையோர் சிங்கப்பூருக்கும் ஜொகூர் பாருவிற்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்தமை ஆகிய மூன்றும் லயத்து வாழ்வைக் கலைத்தன. லயன் வீடுகள் இடிக்கப்பட்டன. தோட்டத்துக் கோயில்கள் சில இடம் மாறின, சில மறைந்தன. இப்பின்னணியில் ஒரு பழைய திருமணப் படத்தின் பொருள் மாறிவிடுகிறது. மணமக்களின் பின்னால் தற்செயலாகத் தெரியும் பலகைச் சுவரும் தகரக் கூரையும் பொதுக் குழாயும் இன்று வேறெங்கும் எஞ்சாத சான்றுகளாக இருக்கக்கூடும். படமெடுத்தவர் அவற்றை எடுக்க எண்ணியதில்லை. மறைக்க இயலாமற்போனதாலேயே அவை படத்தில் நின்றன.

கலைஞரின் வாரம்

சிற்றூர்ப் புகைப்படக் கலைஞருக்குத் திருமணம் மட்டும் சோறு போடுவதில்லை. முன்பு வாரநாள்களில் அடையாள அட்டைக்கும் கடப்பிதழுக்குமான படங்கள், பள்ளி வகுப்புப் படங்கள், சட்டமிடும் பணி ஆகியவையே அவருடைய நிலையான வருவாயாக இருந்தன. வளைகாப்பு, பெயர் சூட்டல், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா, சில வேளைகளில் இறுதிச் சடங்கு என ஒரு குடும்பத்தின் வாழ்க்கை வட்டம் முழுவதையும் அவர் அறிந்திருப்பார். ஆடியில் ஓய்வும் ஆவணியிலும் தையிலும் ஓயாத வேலையும் என்பது அவருடைய ஆண்டுக் கணக்கு.

மலேசியாவில் திருமணங்கள் பெரும்பாலும் விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமையை ஒட்டியே அமைகின்றன. விடியுமுன் மணப்பெண் வீட்டில் தொடங்கும் பணி, முற்பகலில் கோயில் மண்டபத்திலும் இரவில் விருந்துபசரிப்பிலும் தொடர்ந்து நள்ளிரவில் முடியும். இடையில் அவர் உண்ணும் உணவு, பந்தி எல்லாம் முடிந்தபின் ஆறிய சோறும் அடிச்சட்டிச் சாம்பாருமே. ஊரார் உறவு கூடும் நாளில் அவர் தம் உறவோடு இருப்பதில்லை. தம் அக்காள் மகளின் திருமணத்திலும் அவர் கருவிக்குப் பின்னால்தான் நிற்பார். ஆகவே நூற்றுக்கணக்கான குடும்பங்களைப் பதிந்தவரின் சொந்தக் குடும்ப ஆல்பத்தில் அவர் முகம் அரிதாகவே தென்படும். அவருக்குத் திங்கட்கிழமையே ஞாயிறு. அன்று வீட்டில் வைக்கும் மீன்குழம்பே அவருக்கு விருந்து.

இத்தொழிலின் சமூக மதிப்பு 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டச் சீர்திருத்தத்துடனும் ஒப்பிட்டுக் காணத்தக்கது. அச்சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தபின், முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவுசெய்வது கட்டாயமாயிற்று. அதற்கு முன் வழக்காற்றின்படி மட்டும் நடந்த மணங்களுக்கு ஊரார் சாட்சியும் தாலியுமே உறுதி. அத்தகைய மணங்கள் பலவற்றுக்குத் திருமணப் படம் ஒன்றே கண்ணால் காணத்தக்க சான்றாக வீட்டில் எஞ்சியது.

உறவுமுறையும் குழுப்படமும்

தேர்ந்த திருமணப் புகைப்படக் கலைஞர் சடங்கு நிரலை மனப்பாடமாக அறிந்தவர். முகூர்த்தக்கால், நலங்கு, தாய்மாமன் சீர், மாலை மாற்றல், தாலி கட்டல், அம்மி மிதித்து அருந்ததி காணல், குடத்துள் மோதிரம் எடுத்தல் ஆகிய ஒவ்வொன்றிலும் எவர் எப்பக்கம் நிற்பார், எக்கணத்தில் எக்கை நீளும் என்பது அவருக்குத் தெரியும். தாலி முடிச்சு விழும் கணத்தில் அட்சதை தூவும் கைகள் காட்சியை மறைக்கும். மங்கல மேளத்தின் ஓசையில் எவரும் அவர் குரலைக் கேளார். அக்கணம் திரும்ப வராது. மாலையை மீண்டும் மாற்றச் சொல்லலாம். தாலியை மீண்டும் கட்டச் சொல்ல இயலாது. தொழிலின் அச்சமும் பெருமையும் இங்குதான் உள்ளன.

குழுப்படம் எடுக்கும் வேளையில் அவர் உறவுமுறைச் சொற்களாலேயே கூட்டத்தை ஆள்கிறார். "பெரியப்பா நடுவில் உட்காருங்கள்", "அத்தை இந்தப் பக்கம் வாருங்கள்", "மாப்பிள்ளைத் தோழன் எங்கே?" என்று அவர் எழுப்பும் குரல்களே அக்குடும்பத்தின் உறவு வரைபடம். மூத்தோர் நாற்காலியில், இணையர் பின்வரிசையில், சிறுவர் தரையில் என்னும் அமைப்பு வயதையும் முறையையும் காட்டுகிறது. அழைக்கப்படாமற்போன ஒரு சித்தப்பா, படத்தில் இல்லை என்பதனாலேயே ஆண்டுகள் பல கழித்தும் பேசப்படுவார். தந்தைவழி, தாய்வழி உறவுகளைத் தனித்தனிச் சொற்களால் பிரித்தறியும் தமிழின் மரபு கண்ணெதிரே வரிசையாக நிற்பதை இப்படங்களில் காணலாம்.

படச்சுருளும் எண்முறையும்

தொடக்கக் காலப் படங்கள் பட்டணத்து ஸ்டூடியோக்களில் எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள். மலாயாவில் இத்தகைய ஸ்டூடியோக்களைப் பெரும்பாலும் சீனர்களே நடத்தினர். நடுத்தர அளவுச் சுருளில் சதுரப் படங்கள் 12 மட்டுமே கிடைத்தன. 35 மில்லிமீட்டர்ச் சுருளில் 36 கிடைத்தன. ஒவ்வொரு சொடுக்கிற்கும் செலவு இருந்தமையால், எது பதிவுபெறத் தக்கது என்னும் முடிவு கண்டிப்பானதாக இருந்தது. தாலி, பெற்றோர், குழுப்படம், மொய் வழங்குவோர் என்னும் வரிசையில் சுருள் முடிந்துவிடும்.

2000க்குப் பின் எண்முறைக் கருவிகள் பரவின. உலகின் பெரும் படச்சுருள் நிறுவனமான கோடாக் 2012 ஜனவரியில் கடன் தீர்க்க இயலாது நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. இன்று ஒரே திருமணத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்படுகின்றன. எண்ணிக்கை பெருகியபோதிலும் நிலைபேறு குறைந்துவிட்டது. முறையாகக் கழுவப்பட்ட கறுப்பு வெள்ளைப் படத்தின் வெள்ளித் துகள்கள் பல தலைமுறைகள் நிலைக்கும். வண்ணப்படத்தின் சாயம் விரைவில் மங்கும். வன்தட்டு ஒன்று பழுதடைந்தால் திருமணம் முழுவதும் ஒரே நாளில் மறைந்துபோகும். பாட்டியின் மணப்படம் இருக்கிறது, பேத்தியின் மணப்படம் இல்லை என்னும் முரண்நிலை இனி வியப்புக்குரியதாக இராது.

அடுக்களை: படத்தில் இல்லாத பக்கம்

சங்க இலக்கியத்தில் திருமணத்தை விரிவாகக் காட்டுவன அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள். முன்னதை நல்லாவூர் கிழாரும் பின்னதை விற்றூற்று மூதெயினனாரும் பாடினர். இவ்விரு பாடல்களிலும் எரி வளர்த்தல் இல்லை என்பதை ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். மற்றொரு பொதுமையும் ஈண்டுக் கருதத்தக்கது. இரண்டுமே உணவிலிருந்தே தொடங்குகின்றன. முதற்பாடலில் உளுந்து கலந்த களியும் பெருஞ்சோறும். இரண்டாவதில் இறைச்சியும் நெய்யும் சேர்ந்த வெண்சோறு. பந்தலும் மணலும் நீராட்டும் அதன் பின்னரே வருகின்றன. புலவர்தம் பார்வையில் திருமணம் அடுக்களையில் தொடங்கிற்று.

ஆல்பமோ மணப்பெண்ணின் அலங்காரத்திலிருந்து தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஒரு வாரம் அதில் இல்லை. தோட்டத்துத் திருமணங்களில் அவ்வாரம் பெண்களின் கூட்டுழைப்பால் நிறைந்திருந்தது. அதிரசத்திற்கு மாவிடித்துப் பாகு காய்ச்சுவோர், முறுக்குப் பிழிவோர், நெய்யுருண்டை பிடிப்போர், மிளகாயும் மல்லியும் வறுத்து அம்மியில் அரைப்போர் என லயமே ஒரு வீடாகிவிடும். முகூர்த்த நாளில் கோயிலை ஒட்டி மரக்கறி உணவு. அடுத்து வரும் மறுவீட்டு விருந்தில் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் கோழிக்குழம்பும். கறிவேப்பிலையோடு ரம்பை இலையும் எலுமிச்சைப் புல்லும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அச்சமையலில் தமிழ்நாட்டுக் கைப்பக்குவமும் இந்நாட்டு மண்ணின் மணமும் கலந்துள்ளன. ஏட்டில் எழுதப்படாத இவ்வறிவு அளவுகோலின்றிக் கைப்பிடியாலும் கண்பார்வையாலும் கற்பிக்கப்பட்டது.

இவ்வுழைப்பைச் செய்தோருள் கணவரை இழந்த பெண்களும் இருந்தனர். மங்கலச் சடங்குகளில் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. அடுக்களையில் அவர்கள் கை இன்றிப் பந்தி நடக்கவில்லை. சுருளின் சிக்கனமும் சமூகத்தின் விலக்கும் ஒன்றுசேர்ந்து அவர்களை ஆல்பத்திற்கு வெளியே நிறுத்தின. மேடையில் எவர் நின்றார் என்பதை ஆல்பம் கூறும். எவர் சமைத்தார் என்பதை அது கூறாது. இதனை வாய்மொழியாகக் கூறவல்லோர் இன்று முதுமை எய்தியுள்ளனர். அவர்கள் மறைந்தால் படத்தின் மறுபாதியும் மறையும்.

பாதுகாப்பும் வகுப்பறையும்

இந்நாட்டின் வெப்ப ஈரக் காற்று புகைப்படங்களுக்குப் பெரும்பகை. பூஞ்சை படர்ந்த படத்தைத் துடைக்க முயல்வது மேற்பரப்பையே உரித்துவிடும். ஒட்டும் பரப்பும் நெகிழித் தாளும் கொண்ட ஆல்பங்கள் 1970களுக்குப் பின் பரவலாயின. அவற்றின் பசை படத்தைக் கறைப்படுத்தும். பிரிக்க முயன்று கிழிப்பதைவிடப் பக்கத்தோடு அப்படியே எண்முறையில் படியெடுப்பது நலம். அமிலமற்ற தாள் உறை, கறுப்புச் சுருளுக்குத் தனி உறை, பின்புறத்தில் மை தவிர்த்து மென்மையான பென்சிலால் எழுதிய பெயர், மூன்று இடங்களில் வைக்கப்பட்ட எண்முறைப் படிகள் ஆகியன எளிய முறைகள். 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்துப் பணித்து எடுக்கப்பெற்ற படத்தின் உரிமை பணித்தவரைச் சேரும். ஆகவே ஸ்டூடியோச் சேகரங்களைத் தொகுப்போர் குடும்பத்தாரின் இசைவையும் பெறுதல் முறையாகும்.

தமிழாசிரியர் இப்பணியை வகுப்பறையிலேயே தொடங்கலாம். மாணவர் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள ஒரு திருமணப் படத்தின் படியைக் கொணர்ந்து, அதிலுள்ளோரை உறவுமுறைச் சொற்களால் பெயரிட்டு எழுதுவது முதற்படி. எந்த இடம், எந்த ஆண்டு, படத்தில் இல்லாதவர் எவர், அன்று சமைத்தவர் எவர், என்ன சமைத்தார் என்னும் ஐந்து வினாக்களைப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு எழுதுவது இரண்டாம் படி. மொழிப்பயிற்சியாகத் தொடங்கும் இது வட்டார வரலாறாக முடியும். அம்மி, உரல், சுளகு, அரிக்கன்சட்டி போன்ற வழக்கொழிந்துவரும் சொற்களும் இவ்வுரையாடலில் மீளும்.

முடிவுரை

லாபிஸ் போன்ற சிற்றூரின் புகைப்படக் கலைஞர் தம்மை வரலாற்றாசிரியராக எண்ணியதில்லை. வாடிக்கையாளர் விரும்பியதை எடுத்துக் கூலி பெற்றார். ஆயினும், தோட்டம் கலைந்து குடும்பங்கள் சிதறியபின், அவர்கள் ஓரிடத்தில் ஒன்றாக நின்றதற்குச் சான்றாக அவருடைய படங்களே எஞ்சின. அப்படங்களில் அவரும் இல்லை, அடுக்களையில் நின்ற பெண்களும் இல்லை. ஒருவர் கருவிக்குப் பின்னால் நின்றார். மற்றவர் புகைக்குப் பின்னால் நின்றனர். இவ்விரு தரப்பாரிடமும் கேட்டு எழுதும் காலம் இன்னும் முற்றிலும் கடந்துவிடவில்லை. ஆல்பத்தைப் புரட்டும்போது "இது யார்?" என்று கேட்பது நம் வழக்கம். "இங்கே இல்லாதவர் யார்?" என்பதையும் சேர்த்துக் கேட்கத் தொடங்கினால், அலமாரியில் உறங்கும் ஆல்பங்கள் நம் வாழ்வியல் ஆய்வுக்கு உரிய சான்றுகளாகும்.