வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னபோது...

வாடகை வீட்டில் குடித்தனம் செய்தவர்களுக்கு ஒரு சங்கடம் நன்றாகத் தெரியும். வீட்டுக்காரர் நல்லவர்தான், வாடகைகூட வாங்குவதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் திடீரென்று ஒரு நாள் வாசலில் வந்து நின்று, "காலி செய்துவிடுங்கள்" என்கிறார். எங்கே போவது? சட்டி பானைகளை எங்கே வைப்பது?

2005-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஒரு பெரிய குடும்பம் இப்படித்தான் நடுத்தெருவுக்கு வந்தது. பல தேசங்களில் சிதறிக் கிடந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே இராத கம்ப்யூட்டர் நிபுணர்கள் அடங்கிய விசித்திரக் குடும்பம் அது. தலைவர் லைனஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவருக்கு வயது 35.

யார் இந்த லைனஸ்? 1969 டிசம்பர் 28-ஆம் தேதி பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் பிறந்தவர். தாய், தந்தை இருவரும் பத்திரிகைக்காரர்கள். (பிள்ளை எப்படியோ தப்பித்துக்கொண்டது!) தாய்வழிப் பாட்டனார் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் புள்ளிவிவரத்துறைப் பேராசிரியர். அவர் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்கினார். காமடோர் விக்-20 என்று பெயர். பேரனை மடியில் உட்கார்த்தி, தாம் காகிதத்தில் எழுதிய புரோகிராம்களைத் தட்டச் சொல்வாராம். பேரன் பிறகு அந்த யந்திரத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

1991-ல் மாணவரான லைனஸ் தவணை முறையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அந்த யந்திரத்தை உள்ளிருந்து ஆட்டிவைக்கும் அடிப்படைப் புரோகிராம் ஒன்றை எழுதினார். அதுதான் லினக்ஸ். பொழுதுபோக்குக்காகச் செய்கிறேன், பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் ஆகஸ்டு மாதம் ஊருக்குச் சொன்னார். யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். 'ஓப்பன் சோர்ஸ்' என்று பின்னால் பெயர் பெற்ற வழக்கம் இதுவே. பணம் அனுப்பட்டுமா என்று கேட்டவர்களிடம், "வேண்டாம், உங்கள் ஊர்ப் படம் போட்ட தபால் கார்டு அனுப்புங்கள்" என்றார். உலகின் மூலை முடுக்குகளிலிருந்து கார்டுகள் வந்து குவிந்ததும்தான், அண்ணன் ஏதோ காரியம் செய்கிறான் என்று வீட்டில் தங்கைக்கு விளங்கியதாம். கம்ப்யூட்டரின் பாக்கித் தவணையையும் லினக்ஸ் அன்பர்களே காசு சேர்த்து அடைத்தார்கள். இன்று உங்கள் கைப்பையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதற்குள்ளும் இந்த லினக்ஸ்தான் ஓடுகிறது.

சமையல்கட்டில் நான்கு பேர் நுழைந்தால் உப்பு நான்கு முறை விழும் அல்லவா? லினக்ஸுக்குத் திருத்தம் எழுதியவர்கள் நூற்றுக்கணக்கானோர். திருத்தங்கள் ஈமெயிலில் வரும். லைனஸ் ஒவ்வொன்றையும் படித்து, பிடித்ததைத் தம் கையாலேயே சேர்ப்பார். வருஷங்கள் ஓட ஓட இது தாங்கவில்லை. அனுப்பிய திருத்தம் காணாமல் போயிற்று என்று முணுமுணுப்பு எழுந்தது. யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும் புரோகிராம்கள் அப்போதும் இருந்தன. அவற்றில் பிரபலமான சி.வி.எஸ். என்ற ஒன்றை லைனஸுக்குக் கட்டோடு பிடிக்காது.

2002-ல் அவர் பிட்கீப்பர் என்பதற்குக் குடிபோனார். லாரி மெக்வாய் என்பவரின் கம்பெனிச் சரக்கு அது, விலைக்கு விற்பது. லினக்ஸ் கூட்டத்தாருக்கு இலவசம். நிபந்தனை ஒன்று உண்டு: இதை உபயோகிப்பவர்கள் இதற்குப் போட்டியாக வேறொன்றைத் தயாரிக்கக் கூடாது. எல்லாருக்கும் பொதுவான லினக்ஸை ஒருவருக்குச் சொந்தமான பெட்டியில் வைப்பதா என்று சிலர் கொதித்தார்கள். வேலை நடக்கிறதே என்றார் லைனஸ்.

ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்று ஒரு நிபுணர். சாம்பா என்ற புகழ்பெற்ற புரோகிராமின் கர்த்தா. பெட்டிக்குள் இருக்கும் சரித்திரத்தைக் கம்பெனியின் புரோகிராம் இல்லாமலே எடுத்துப் படிக்க முடியுமா என்று அவர் முயன்றார். மெக்வாய்க்குக் கோபம் வந்தது, இலவசத்தை நிறுத்தினார். லைனஸ் டிரிட்ஜெல்லைப் பகிரங்கமாகக் கடிந்துகொண்டார். டிரிட்ஜெல் என்ன மாயம் செய்தார் தெரியுமா? கான்பெராவில் நடந்த மாநாட்டில் அதைச் செய்தே காட்டினார். பிட்கீப்பர் ஓடும் கம்ப்யூட்டருடன் தொடர்புகொண்டு, 'உதவி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தட்டினார். தனக்கு என்னென்ன கட்டளைகள் தெரியும் என்று அதுவே ஒப்பித்துவிட்டது! சபையில் ஒரே சிரிப்பு.

மெக்வாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பளம் கொடுத்து ஆள் வைத்துக் கம்பெனி நடத்துகிறவர், தம் சரக்கை ஒருவர் நகல் எடுக்கப் பார்த்தால் சும்மா இருப்பாரா? அதே சமயம், பல வருஷ உழைப்பின் சரித்திரத்தைப் பார்க்க இன்னொருவர் வீட்டுச் சாவியை எதிர்பார்த்து நின்றதும் நியாயமில்லை. இரண்டு பக்கமும் வழக்கு இருந்த சண்டை இது.

லைனஸ் லினக்ஸ் வேலையை மூட்டை கட்டி வைத்தார். வேறு இலவசப் புரோகிராம்களைப் பார்த்தார். மோனோடோன் என்ற ஒன்று யோசனையில் நல்லதுதான், ஆனால் நத்தை. ஒரு திருத்தத்தைச் சேர்க்க மூன்று விநாடிக்கு மேல் ஆகக் கூடாது என்பது அவர் கணக்கு. ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை, தாமே எழுத உட்கார்ந்தார். வியாழக்கிழமை, புதிய புரோகிராம் தன்னுடைய கணக்கைத் தானே எழுதிக்கொள்ளத் தொடங்கிவிட்டது. ஆயிரத்துச் சொச்சம் வரிகள்தான். சுமார் பத்து நாளில் லினக்ஸையே அதில் குடியேற்றினார். பெயர் 'கிட்'. ஆங்கிலேயர் பேச்சில் அதற்கு உதவாக்கரை ஆசாமி என்று அர்த்தம். என் படைப்புகளுக்கெல்லாம் என் பெயரைத்தான் வைப்பேன், முதலில் லினக்ஸ், இப்போது கிட் என்று வேடிக்கையாகச் சொன்னார்.

நிலம் வாங்குகிறவர்கள் தாய்ப்பத்திரம் கேட்பார்கள். இன்றைய பத்திரத்தில் முந்தைய பத்திரத்தின் எண் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் அதற்கும் முந்தையது. கிட் செய்வதும் அதுதான். ஒவ்வொரு மாற்றமும் ஒரு பத்திரம். எழுதியவர் பெயர், நேரம், காரணம், தாய்ப்பத்திரம் இன்னதென்ற குறிப்பு எல்லாம் அதில் அடக்கம். பத்திரத்துக்குப் பெயர் வைப்பது மட்டும் மனிதர் அல்ல. உள்ளே இருப்பதையெல்லாம் கணக்குப் போட்டு, எழுத்தும் எண்ணுமாக 40 குறிகள் கொண்ட பெயர் ஒன்று வந்து விழும். உள்ளே ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் பெயர் வேறாகிவிடும். அதைத் தாய் என்று காட்டும் அடுத்த பத்திரத்தின் பெயரும், அதற்கடுத்ததன் பெயரும் வரிசையாக மாறும். பழைய ஏட்டில் யாரும் ரகசியமாகக் கைவைக்க முடியாது. வழக்கமாக, வேலையில் சேருகிற ஒவ்வொருவரிடமும் முழு ஏடும் இருக்கும். எந்த வீட்டுக்காரரும் பூட்டுப் போட முடியாது.

ஜூலை 26-ஆம் தேதி, நான்கு மாதம்கூட ஆகாத தம் குழந்தையை லைனஸ் இன்னொருவர் கையில் ஒப்படைத்தார். அவர் ஜூனியோ ஹமானோ, ஜப்பானியர், கலிபோர்னியாவாசி. ஆரம்ப நாட்களிலேயே திருத்தங்கள் அனுப்பியவர். அவருக்கு இருந்த நல்ல ரசனையைக் கண்டுகொண்டதுதான் தமக்குப் பெருமை என்று லைனஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதல் முழு வெளியீடு அதே வருஷம் டிசம்பர் 21-ல் ஹமானோ கையால்தான் வந்தது. பிறர் எழுதியதைப் படிப்பது, பொறுக்குவது, வேண்டாம் என்றால் காரணம் சொல்வது. 2025-லும் இந்த வேலையைச் செய்தவர் அவரே. பத்து நாள் சாகசத்தைவிட இந்த இருபது வருஷப் பொறுமைதான் எனக்குப் பிரமிப்பு. ஆனால் படம் போடுவதென்னவோ லைனஸுக்குத்தான்!

லைனஸுக்குக் கோபம் அதிகம். பிடிக்காத திருத்தம் வந்தால் ஈமெயிலில் அனல் பறக்கும். 2018 செப்டம்பரில் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சில வாரம் விலகியிருந்து திரும்பினார். மனைவி டோவே, கராத்தேயில் ஆறு முறை பின்லாந்தின் சாம்பியன். வீட்டில் யார் குரல் உயரும் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. கல்லூரியில் இவர் வகுப்பில் அவர் மாணவி. "எனக்கு ஓர் ஈமெயில் எழுதுங்கள்" என்று இவர் வீட்டுப்பாடம் கொடுக்க, "வெளியே போய்வரலாமா?" என்று அவர் எழுதியதில் தொடங்கியது அந்தக் கதை. மூன்று பெண்கள்.

கிட்டை நம்பிப் பிறர் தொடங்கிய கிட்ஹப் கம்பெனியை 2018-ல் மைக்ரோசாப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கியது. கிட் மட்டும் இன்றும் கேட்பவருக்கெல்லாம் இலவசம். மெக்வாயின் பிட்கீப்பரும் 2016-ல் திறந்த பெட்டியாகிவிட்டது. அதற்குள் ஊர் வேறு வீட்டுக்குப் போய்விட்டது.

லைனஸ் 2011-ல் இன்னொரு புரோகிராமும் எழுதினார். அவர் கடலில் மூழ்கி நீந்துவதில் பிரியமுள்ளவர். எத்தனை அடி ஆழம், எவ்வளவு நேரம் என்று குறித்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் மாதிரி. சப்சர்பேஸ் என்று பெயர். அதையும் கொஞ்ச நாளில் ஒரு நண்பரிடம் ஒப்படைத்துவிட்டார்.