ஓட ஓட வயது போகும்

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார்: “காலபோகம் முழுக்க இரவிரவாக யானை வெடி போட்டுக் கலைக்கிறோம். அந்தப் பயம் யானையின் ஆயுளைக் குறைக்குமா?”

பயந்தால் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்பது தெரிந்ததே. அதே பயம் நாளாந்தம் வந்தால் உடம்பு எதை இழக்கிறது என்பதை அழகாகக் காட்டித் தந்தது ஒரு மில்லிமீற்றர் நீளப் புழு. அழுகிய பழங்களில் வாழும் சீனோரப்டைட்டிஸ் எலிகன்ஸ். அதற்கு மொத்தமே 302 நரம்புக் கலங்கள், இரண்டு மூன்று வார ஆயுள். சில பூஞ்சணங்கள் வளையம் வைத்து இப்புழுவைப் பிடிக்கும். தொட்டதும் பின்வாங்கி ஓடுவதே அதற்கு உயிர்ப்பிச்சை.

அப்படி ஓடும்போது, தலையிலுள்ள நரம்புக் கலங்கள் நமது அட்ரினலினுக்கு இணையான டைரமைனை விடுகின்றன. ஆர்ஜென்டீனாவின் டி ரோசா, ராயஸ், அமெரிக்காவின் அல்கெமா குழுவினர் 2019இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது என்னை இன்னும் விடவில்லை. அந்த டைரமைன் குடலுக்குப் போய் இன்சுலின் வழியைத் தூண்டுகிறது; கலங்களைப் பழுதுபார்க்கும் மரபணுக்கள் அடங்கிவிடுகின்றன. வெக்கை வந்தால் புழு டைரமைனைக் குறைத்துக்கொள்ளும், பழுதுபார்ப்பு நடக்கும். ஓட்டத்தில் மட்டும் அது நின்றுபோகிறது. திரும்பத் திரும்ப ஓடவைத்த புழுக்கள் வெக்கையைத் தாங்கவில்லை, ஆயுளும் குறைந்தது. எங்கள் வீடும் அப்படித்தான்: போரில் இடம்பெயர்ந்து திரிந்த ஆண்டுகளில் நாங்கள் அதற்குக் கிடுகு மாற்றவில்லை. ஷெல் படாத கூரையும் உக்கித்தான் விழுந்தது.

புழு யானையாகாது. ஆனால் இன்சுலின் வழி புழுவுக்கும் யானைக்கும் நமக்கும் பொதுவானது. குரங்குகளிலும் ஒரு தடயம் உண்டு: 2017இல் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவின் காயோ சந்தியாகோ தீவைச் சிதைத்தது. அங்கு தப்பிய குரங்குகளின் நோயெதிர்ப்புக் கலங்கள் சராசரியாக 2 ஆண்டு கூடுதலாக முதிர்ந்திருந்ததை 2022இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஒரு சூறாவளிக்கே அப்படியென்றால், இரவுக்கிரவு வெடி கேட்கும் யானைக்கு எப்படியிருக்கும்? குட்டியோடு நிற்கும் பெண் யானையை நினைத்தால் மனம் பதறுகிறது. காவல் கொட்டிலில் விழித்திருக்கும் விவசாயியின் உடம்பும் பயத்தில் அதே அட்ரினலினைத்தான் சுரக்கிறது. அவரைக் குறைசொல்லேன், வெடியைத் தவிர வேறெதுவும் அவர் கையில் கொடுக்கப்படவில்லை. இலங்கையில் பல மின்வேலிகள் காட்டு எல்லைக்கோட்டில் போடப்பட்டு, இரு பக்கமும் யானை நிற்கிறது. வேலி ஊரைச் சுற்றி வரவேண்டும். வயலுக்கு, போகத்துக்கு மட்டுமான வேலி போதும்: விதைப்போடு கட்டி, அரிவி வெட்டு முடிந்ததும் கம்பியைச் சுருட்டிவிடலாம். பிறகு தரிசில் யானை மேயட்டும்.