அரைப் பென்னித் தபாலில் ஒரு முகம்

1907-ஆம் வருஷம் ஜூன் 8-ஆம் தேதி இரவு, லண்டன் டேலி நாடகசாலையில் ‘மெர்ரி விடோ’ என்ற சங்கீத நாடகம் அரங்கேறியபோது, வாத்தியகோஷ்டியை நடத்த வந்திருந்த அதன் இசையமைப்பாளர் பிரான்ஸ் லேகார், வியன்னாவில் பலத்த சாரீரத்துக்குப் பேர்போன மிட்ஸி குந்தர் பாடிய கதாநாயகி வேஷத்தில், மெல்லிய குரலும் மெலிந்த தேகமும் உடைய இருபத்தோரு வயதுப் பெண் ஒருத்தி நிற்கக் கண்டார். அவர்தாம் லில்லி எல்ஸி.

லீட்ஸ் நகரில் 1886-இல் பிறந்த எல்ஸி, தையல் வேலை செய்தும் நாடகக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விட்டும் ஜீவனம் நடத்திய தாயாரின் மகள். ‘லிட்டில் எல்ஸி’ என்ற பெயரில் பால்யத்திலேயே மேடையேறியவர். சங்கீத ஹாஸ்ய நாடக உலகின் சக்கரவர்த்தியாக விளங்கிய ஜார்ஜ் எட்வர்ட்ஸ், மேடையில் சிரிப்பை அடக்க மாட்டாமல் போன குற்றத்துக்காக இவரை ஒரு சமயம் வேலையைவிட்டே நீக்கினார் என்பர். அதே எட்வர்ட்ஸ் பிறகு இந்த வேஷத்தை ஏற்கச் சொன்னபோது, தம் குரல் தாங்காதென்று எல்ஸி தயங்கினார். எட்வர்ட்ஸோ நாட்டமெல்லாம் பாட்டில் வைக்கவில்லை; கதாநாயகன் டானிலோவாக நடித்த ஜோசப் காயின் பாட்டுகளைப் பாடாமல் பேசியே சமாளித்தார் என்றால், வேறென்ன சொல்ல?

பாட்டு விட்ட குறையை நடையும் பார்வையும் வால்ட்ஸ் நடனமும் நிறைவு செய்தன. பிரபல உடையலங்கார நிபுணி லூசீல், ஆடைகளைத் தைத்ததோடு நில்லாமல், எப்படி நிற்பது, தலையை எவ்வாறு ஏந்துவது என்பதையும் கற்றுக்கொடுத்தார். அவர் அமைத்த அகன்ற விளிம்புத் தொப்பி நாடகத்தின் பெயராலேயே கடைகளில் விலைபோயிற்று. நாடகம் 778 முறை நடந்தது. என் அபிப்பிராயத்தில் எல்ஸியின் மேதை அசைவில் அல்ல, அசையாமல் நிற்கும் அடக்கத்திலேதான் குடிகொண்டிருந்தது. இயல்பான கூச்சமே மேடையில் கம்பீரமாக மாறிய விந்தை அது.

அந்த அடக்கமே புகைப்படக்காரர்களுக்கும் வாய்த்த வரம். 1902 முதல் தபால் கார்டின் ஒரு பக்கத்திலேயே விலாசமும் செய்தியும் எழுதலாமென்று தபால் இலாகா அனுமதித்துவிட்டபடியால், மறுபக்கம் முழுவதும் படத்துக்கே உரியதாயிற்று. அரைப் பென்னித் தபால்தலையோடு எல்ஸியின் முகம், நாடகசாலை வாசலை மிதித்தறியாத வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

கீர்த்தி அவருக்குச் சந்தோஷம் தரவில்லை. ‘டாலர் பிரின்ஸஸ்’, ‘கவுண்ட் ஆஃப் லக்ஸம்பர்க்’ ஆகியவற்றில் வெற்றி கண்டபின், 1911-இல் இயன் புல்லோ என்ற செல்வந்தரை விவாகம் செய்துகொண்டு மேடையை விட்டு விலகினார். அவ்வப்போது திரும்பி வந்தார். 1928-இல் நடிகர் ஐவர் நோவெல்லோவுடன் ‘ட்ரூத் கேம்’ நாடகத்தில் தோன்றினார். 1930-இல் விவாகம் ரத்தாயிற்று. தேக அசௌக்கியமும் மனச்சஞ்சலமும் பிற்காலத்தைக் கவ்விக்கொள்ள, வைத்தியசாலைகளில் பல வருஷங்கள் கழிந்து, 1962 டிசம்பரில் காலமானார்.

எல்ஸி புகழின் உச்சியில் இருந்த நாளில், தாயாரின் படுக்கையில் தபால்களுக்கிடையே கிடந்த அவர் படக்கார்டைக் கண்டு ஒரு சிறுவன் மனம் பறிகொடுத்தான். செஸில் பீட்டன் என்ற அந்தச் சிறுவன், 1956-இல் நியூயார்க்கில் ‘மை ஃபேர் லேடி’ நாடகத்துக்காக ஏழாம் எட்வர்ட் மன்னர் காலத்துச் சீமாட்டிகளின் அகன்ற தொப்பிகளை வரைந்தளித்தபோது, லில்லி எல்ஸி எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்தார்.