குச்சி வீடு கட்டலாமா?

மழை பெய்தால் நீங்கள் வகுப்பறை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பீர்கள், இல்லையா குழந்தைகளே? இங்கிலாந்தில் பல பள்ளிப் பிள்ளைகள் அந்த நேரத்தில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு மரங்களுக்கு நடுவே இருப்பார்கள். அங்கே என்ன வேலை தெரியுமா? வீடு கட்டுவது!

இதற்கு, 'காட்டுப் பள்ளி' என்று பெயர். டென்மார்க் நாட்டில் சிறு குழந்தைகள் வெளியிலேயே விளையாடிக் கற்பதை, 1993ம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியினர் போய்ப் பார்த்தனர். ஊர் திரும்பித் தாங்களும் தொடங்கினர். பிறகு அது பல பள்ளிகளுக்கும் பரவியது.

கவட்டை போலப் பிரிந்த இரண்டு கிளைகளை எதிரெதிராகச் சாய்த்துக் கோத்து நிறுத்த வேண்டும். ஒரு நீளக் கம்பின் ஒரு முனையைக் கவட்டில் வைத்து, மறுமுனையைத் தரையில் ஊன்ற வேண்டும். மூன்று கால் ஆயிற்றா? முக்காலி ஆடாதே, அதே கணக்குதான்! கம்பின் இருபுறமும் குச்சிகளைச் சாய்த்து, மேலே சருகுகளைக் கனமாகப் போட்டால் கூரை தயார். சரிவாக இருந்தால்தான் தண்ணீர் வழிந்தோடும். சில இடங்களில் பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்து, கூரைமேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார்கள். நனையாவிட்டால் வெற்றி!

பச்சைக் கிளையை ஒடிக்கக் கூடாது. கீழே விழுந்த குச்சிகளைத்தான் எடுக்க வேண்டும். முடிந்ததும் பிரித்துப் போட்டுவிட வேண்டும். மக்கும் மரம் வண்டுகளுக்கும், காளான்களுக்கும் உணவாயிற்றே!

வீடு சரிந்து விழுந்தால்? ஆசிரியர் ஓடிவந்து கட்டித்தர மாட்டார். 'ஏன் விழுந்தது?' என்று கேட்பார். பிள்ளைகளே கூடிப் பேசி மறுபடி கட்டுவார்கள்.

இதை அறிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருமுறை என் வகுப்பு மாணவன் ஈர்க்குச்சியில் பாலம் செய்தான். அது வளைந்ததும், 'இப்படிக் கொடு' என்று வாங்கி நானே சரிசெய்தேன். பாலம் நின்றது. அவனோ, 'இது இப்ப உங்க பாலம் சார்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நம் ஊர்ச் சருகுக் குவியலில் பாம்பு, தேள் இருக்கும். அதில் கை வைக்காதீர்கள். வீட்டு முற்றத்தில் ஈர்க்குச்சி, நூல், வேப்பிலை கொண்டு ஒரு சாண் உயரக் குச்சி வீடு கட்டுங்கள். மேலே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

விழுந்தால் உடனே அப்பாவைக் கூப்பிடாதீர்கள். ஏன் விழுந்தது என்று முதலில் நீங்களே யோசியுங்கள். அப்போதுதான் அது உங்கள் வீடு!