ஒன்பது மணிக்குள் பால் காசு!

ஒன்றாம் தேதி சம்பளம் வரவில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? இரண்டாம் தேதி காலையிலேயே அக்கவுண்ட்ஸ் செக்ஷன் வாசலில் போய் நிற்போம். 'இனிமேல் எனக்கு சம்பளமே வேண்டாம்' என்று தானாகவே சொன்ன ஒரு ஆசாமி இருந்தார். அதுவும் 1830-ல், கல்யாணமான அதே மாதத்தில்! புதுப் பெண்டாட்டியும் சரி என்றாராம். அதுதான் பெரிய ஆச்சரியம்.

பெயர் ஜார்ஜ் முல்லர். பிரஷ்யாவில் பிறந்து, இங்கிலாந்தில் போதகராக இருந்தவர். பிறவியிலேயே சாது என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா வரி வசூல் அதிகாரி. அவரிடம் இருந்த சர்க்கார் பணத்திலேயே கை வைத்த பிள்ளை. ஹோட்டலில் ஜம்மென்று தங்கிவிட்டு பில் கட்டாமல் நழுவப் பார்த்து, 16 வயதில் ஜெயிலுக்குப் போனவர். சொன்ன வாக்கைக் காற்றில் விடுவது எப்படி என்று நன்றாகத் தெரிந்த மனுஷர்தான், 20 வயதில் மனம் மாறி, கடவுளின் வாக்கை அப்படியே நம்ப ஆரம்பித்தார்.

1836-ல் பிரிஸ்டல் நகரத்து வில்சன் தெருவில், வாடகை வீட்டில் அனாதைப் பிள்ளைகளுக்காக ஒரு விடுதி திறந்தார். திக்கற்ற பிள்ளைகளுக்குத் தகப்பன் கடவுள் என்கிறது பைபிளின் சங்கீதப் புத்தகம். அப்படியானால் சோறு போடுவது அப்பாவின் பொறுப்புதானே? முல்லர் யாரிடமும் கை நீட்டவில்லை. கடன் கிடையாது. 'பணமில்லை' என்று வெளியாரிடம் மூச்சு விடக்கூடாது என்பது விடுதியின் சட்டம். ஜெபத்தில் மட்டும் விடாமல் வாதாடுவார். நோட்டு எழுதிக் கொடுத்தவரிடமே அந்த நோட்டைப் பிரித்துக் காட்டுகிற மாதிரி!

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று அர்த்தமில்லை. வந்த ஒவ்வொரு பென்னிக்கும் கணக்கு எழுதினார். நெருக்கடியில் விடுதி ஊழியர்கள் தங்கள் சொந்த சாமான்களை விற்றுக்கூடப் பணம் போட்டார்கள். பிற்பாடு ஐந்து பெரிய கட்டடங்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் என்று வளர்ந்தது வேறு கதை.

'வருஷா வருஷம் அறிக்கை அச்சடித்தாரே, அதுவே மறைமுக விண்ணப்பம்தானே சார்?' என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. 1841 டிசம்பரைப் படித்த பிறகு போய்விட்டது. அப்போது கஜானா கிட்டத்தட்ட காலி. அறிக்கை வெளியிட வேண்டிய நேரம். வேறு யாராக இருந்தாலும் அவசர அவசரமாக அச்சுக்கு அனுப்பியிருப்பார்கள். முல்லர் என்ன செய்தார் தெரியுமா? அறிக்கையையும் பொதுக்கூட்டத்தையும் தள்ளிப்போட்டார்! கஷ்டத்தைக் காட்டிப் பணம் கேட்டதாக ஆகிவிடக் கூடாதே என்று.

அடுத்த சில மாதங்கள் நெருப்பில் நடந்த மாதிரி. 1842 பிப்ரவரி 8. ஏறக்குறைய நூறு பிள்ளைகள். அன்றைய சாப்பாட்டுக்கு இருக்கிறது. மறுநாளைக்கு ரொட்டி வாங்கக் காசில்லை, காலைப் பாலுக்கும் இல்லை. இவ்வளவு ஏழையாக இருந்ததே இல்லை என்று டைரியில் எழுதுகிறார். நாளை ஒன்பது மணிக்குள் ஏதாவது வராவிட்டால் கடவுளின் பெயருக்கே அவமானம் என்றும் எழுதுகிறார். பயமில்லாத ஆள் எழுதுகிற வரியா அது? ஆனாலும் யார் வீட்டுக் கதவையும் போய்த் தட்டவில்லை.

மறுநாள் காலை. அதே ஊரில் ஒருவர், நம்மைப் போலத்தான், வேலைக்குக் கிளம்பி நடந்து போகிறார். அரை மைல் தாண்டியதும் திடீரென்று விடுதிப் பிள்ளைகள் ஞாபகம். 'இப்போது எங்கே திரும்புவது? சாயந்திரம் ஏதாவது கொடுத்துக் கொள்ளலாம்' என்று மேலே நடக்கிறார். கால் நகர மறுக்கிறது. வேலைக்கு லேட்டானால் ஆகட்டும் என்று வந்த வழியே திரும்பி, விடுதி ஊழியர் ஒருவர் கையில் மூன்று தங்க சவரன் காசுகளை வைத்துவிட்டுப் போகிறார்.

என்ன ஆயிற்றோ என்று முல்லர் விடுதிக்கு வந்து சேர்ந்தபோது மணி எட்டுகூட ஆகவில்லை.