கத்தியும் தகரமும் ரப்பரும் – இதுவும் ஓர் இன்ஜினியர் படிப்பு



உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்து, பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகும் பிள்ளைகள் எமது தோட்டங்களில் இன்னும் குறைவுதான். அப்படித் தெரிவாகிப் போன பிள்ளைக்கும் "திரவிய விஞ்ஞானமும் பொறியியலும்" என்ற பிரிவு கிடைத்தால் வீட்டில் முகம் வாடிப்போகிறது. "இன்ஜினியர்னா பாலம் கட்டணும், இல்லாட்டி கரண்டு வேல பார்க்கணும். இது என்னாங்க படிப்பு? வேற எதுக்காச்சும் மாத்த ஏலாதா?" என்று பெற்றோர் எங்களிடம் கேட்கிறார்கள். ஆகவேதான் இந்த இதழில் இப்படிப்பைப் பற்றி எழுதுகிறோம்.

திரவியம் என்றதும் பொன், பணம் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே திரவியம் என்பது ஒரு சாமானைச் செய்ய எடுக்கும் மூலப்பொருள். இரும்பு, அலுமினியம் போன்ற உலோகங்கள், பீங்கான், கண்ணாடி, ரப்பர், பிளாஸ்டிக், இவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்துச் செய்யும் கலப்புப் பொருட்கள் எல்லாம் இதில் அடங்கும். ஒரு பொருள் ஏன் உடைகிறது, ஏன் துருப்பிடிக்கிறது, அதன் உள்ளமைப்பு எப்படி இருக்கிறது, அதை எப்படி உறுதியாக்கலாம் என்பதுதான் படிப்பு. இதற்கு வேண்டிய உதாரணங்கள் எல்லாம் எங்கள் லயத்திலும் மலையிலுமே இருக்கின்றன.

கவ்வாத்துக் கத்தி

கட்டுக் கம்பி சுலபமாக வளைகிறது. கவ்வாத்துக் கத்தி வளைவதில்லை. இரண்டும் இரும்புதானே? வித்தியாசம் உள்ளே இருக்கும் காபனில். வளையும் இரும்பில் 100 கிலோவுக்குக் கால் கிலோ காபன்கூட இராது. கத்தி உருக்கில் அரைக் கிலோவுக்கு மேல், சிலவற்றில் ஒரு கிலோ வரையும் இருக்கும். அந்த உருக்கைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் மிகவும் கடினமாகும். ஆனால் அப்படியே விட்டால் கல்லில் பட்டதும் தெறித்துவிடும். அதனால் மறுபடியும் மிதமான சூட்டில் காய்ச்சி எடுப்பார்கள். கொஞ்சம் கடினம் குறையும், உடையாத தன்மை வரும். கத்தி அடிக்கும் ஆசாரி இதை நிறத்தைப் பார்த்தே செய்கிறார். பல்கலைக்கழகத்தில் பிள்ளை அதே உருக்கை நுணுக்குக்காட்டியில் பார்த்து, காரணத்தையும் கணக்கையும் படிக்கிறது.

கூரைத் தகரம்

எங்கள் கூரைத் தகரம் உண்மையில் நாகம் பூசிய இரும்புத் தகடு. மழையும் காற்றும் படும்போது நாகம் முதலில் கரைந்து, இரும்பைக் காப்பாற்றுகிறது. சிறு கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள நாகம் அந்த இடத்தைக் காக்கும். நாகம் முடிந்த பிறகுதான் துரு வேகமாகப் பரவும். எந்த இடத்துக்கு எவ்வளவு கனத்தில் பூச வேண்டும் என்று தீர்மானிப்பது இந்த இன்ஜினியரின் வேலை.

ரப்பர்

பிரேசில் நாட்டு ரப்பர் கன்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்து, கம்பஹா ஹெனரத்கொடை தோட்டத்தில் நடப்பட்டன. வெட்டியெடுக்கும் பாலை உறைய வைத்தால் கிடைக்கும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் குட்இயர் என்பவர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்குவதைக் கண்டுபிடித்தார். ரப்பரின் நீண்ட சங்கிலிகளைக் கந்தகம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடுகிறது. இன்று இலங்கையிலிருந்து டயரும் கையுறையும் வெளிநாடு போகின்றன. பால் வெட்டுவது எங்கள் சனங்கள். அந்தப் பாலை டயராக்கும் கலவையைத் தீர்மானிக்கும் இடத்திலும் எங்கள் பிள்ளை ஏன் இருக்கக் கூடாது?

உடைவதையும் படிக்கிறார்கள்

ஒரு கம்பியை முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் முறிந்துவிடும். உலோகத்துக்கும் களைப்பு உண்டு. 1954இல் கொமெற் என்ற பயணிகள் விமானங்கள் இரண்டு வானத்திலேயே சிதறி, அதில் இருந்தவர்கள் எல்லோரும் இறந்தார்கள். பிறகு ஒரு விமானத்தைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அமுக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். உலோகக் களைப்பால் வந்த வெடிப்பே காரணம் என்று தெரிந்தது. பெக்டரி மெஷினில் தண்டு முறிந்தாலும் ஆராயும் வழி இதுதான். இது வெறும் புத்தகப் படிப்பல்ல, ஆட்களின் உயிரைக் காக்கும் படிப்பு.

மலைநாட்டுக்கும் இது புதிதல்ல. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ பகுதியில், ஆயிரம் வருடங்களுக்கு முன்பே பருவக் காற்றைக் கொண்டே உலை எரித்து உருக்கு எடுத்திருக்கிறார்கள். ஆய்வாளர் ஜில் ஜூலெஃப் 1996இல் இதை உலகுக்கு எடுத்துக் காட்டினார்.

எப்படிப் போவது?

1. சாதாரணதரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் நல்ல சித்தியாக இருக்க வேண்டும். உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றும் எடுக்க வேண்டும். தமிழில் எழுதலாம்.

2. அனுமதி இசற் புள்ளிப்படி நடக்கிறது. நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வரை மாவட்டங்களுக்கு, சனத்தொகைப்படி. மீதி 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. ஆகவே கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

3. இதற்கென்று தனிப் பிரிவு மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. படிப்பு நான்கு வருடம். முதலில் பொறியியல் மாணவர் எல்லோருக்கும் பொதுப் பாடங்கள். அதில் எடுக்கும் பெறுபேற்றையும் பிள்ளையின் விருப்பத்தையும் பார்த்தே பிரிவு கொடுக்கப்படும். படிப்பு ஆங்கிலத்தில். எனவே இப்போதிருந்தே ஆங்கிலத்தைக் கைவிடாதீர்கள்.

4. அரச பல்கலைக்கழகத்தில் இப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகள் மஹாபொல புலமைப்பரிசிலுக்கும் நிதியுதவிக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனாலும் சாப்பாடு, புத்தகம், பஸ் செலவு என்று வீட்டிலிருந்து கொஞ்சம் போகத்தான் செய்யும். அதை முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும்.

பட்டப்படிப்புக்குப் புள்ளி போதாவிட்டால், மொரட்டுவைப் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப நிறுவகத்தின் தேசிய டிப்ளோமாவில் ரப்பர், பிளாஸ்டிக் சார்ந்த பிரிவும் உண்டு.

வேலை?

டயர், கையுறைத் தொழிற்சாலைகள், உருக்கு, சீமெந்து, தரையோடு, பீங்கான் கம்பெனிகள், பரிசோதனைக் கூடங்கள் ஆகியவற்றில் இவர்களுக்கு இடம் உண்டு. படித்து முடித்த மறுநாளே வேலை என்று நாங்கள் ஆசை காட்டவில்லை. ஆனால் பாலம் கட்டுபவருக்கும் மெஷின் செய்பவருக்கும் "எந்தப் பொருளில் செய்யலாம்" என்று சொல்ல ஒருவர் தேவை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சாதாரணதரம் முடிந்தவுடன் பிள்ளையைக் கடை வேலைக்கு அனுப்புவதென்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். தோட்டப் புறத்தில் தமிழில் கணிதப் பிரிவு உள்ள பாடசாலைகள் கொஞ்சம்தான். தூரத்தில் இருந்தாலும் விசாரியுங்கள். பெறுபேறு வந்த வாரமே பெறுபேற்றுத் தாளுடன் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். எந்தப் பாடசாலை, தங்குவதற்கு என்ன வழி, என்ன உதவி கேட்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம். உயர்தரம் முடித்த பிள்ளைகள், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் படித்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள். விளங்காத இடத்தை எங்களிடம் கேளுங்கள். முடிவுத் திகதி போனபின் வந்தால் எங்களாலும் ஒன்றும் செய்ய ஏலாது.

– நலன்புரி உத்தியோகத்தர்