மின்அதிர்வு சிகிச்சை முடிந்த பிறகு என்ன?

மனநோய்க்கு மின்அதிர்வு சிகிச்சை என்றதும், "தலைக்குக் கரண்டு வைக்கிறார்களா?" என்று பதறாத குடும்பம் குறைவு. 1938ஆம் ஆண்டில் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இரு மருத்துவர்கள் தொடங்கிவைத்த சிகிச்சை இது. இன்று முறையான மருத்துவமனைகளில் மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்தே செய்கிறார்கள், வலி தெரியாது. வாரத்திற்கு இரண்டு மூன்று முறை என, பெரும்பாலும் 6 முதல் 12 முறை. கடும் மனச்சோர்வில் உண்ணாமல், பேசாமல் கிடந்தவர் சில வாரங்களில் எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்பதும் உண்டு.

சிக்கல் அதன் பிறகுதான். 'ஆள் தேறிவிட்டார், இனி மாத்திரை எதற்கு?' என்று வீட்டில் பேச்சு எழும். இந்தச் சிகிச்சை வந்திருக்கும் நோயைத்தான் தணிக்கிறது. மறுபடியும் வரும் தன்மையை அகற்றுவதில்லை.

2001இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. மின்அதிர்வால் மனச்சோர்வு நீங்கியவர்களில் வெற்று மாத்திரை பெற்றோரில் நூற்றுக்கு 84 பேருக்கு 24 வாரங்களுக்குள் நோய் திரும்பியது. நார்ட்ரிப்டிலின் மட்டும் எடுத்தவர்களில் அது 60. அதோடு லித்தியமும் சேர்த்தவர்களில் 39. மாத்திரை போதாதவர்களுக்கு மின்அதிர்வையே வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று என இடைவெளி கூட்டித் தொடர்வதும் உண்டு. மாத்திரையோடு இதைச் சேர்த்தால் முதியவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைப்பதாக 2016இல் வந்த ஆய்வு சொல்கிறது.

லித்தியம் நல்ல மருந்துதான், ஆனால் கண்டிப்பான மருந்து. இரத்தத்தில் அளவு சற்று ஏறினாலும் நஞ்சாகிவிடும். பினாங்கு வெயிலில் வியர்த்து உடலில் நீர் வற்றினால் ஏறும். உப்பைத் திடீரென்று குறைத்தாலும் ஏறும். தைப்பூசத்திற்கு விரதமிருந்து தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்க விரும்புவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சாமி கோபித்துக்கொள்ளாது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம் ஆகியவையும் ஆபத்து. கை பலமாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறுவது, நடை தள்ளாடுவது ஆகியவை தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்தப் பரிசோதனையோடு சிறுநீரகம், தைராய்டு சோதனைகளையும் தவறவிடக் கூடாது.

ஒரு காலத்தில் மனநோய் என்றாலே, 1911இல் திறக்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். அந்தப் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. ஆனால் நாட்டிலேயே முதன்முதலாகப் பொது மருத்துவமனை ஒன்றில் மனநலப் பிரிவு 1958இல் தொடங்கியது பினாங்கில்தான். அங்கே மாதச் சோதனைக்குப் போவதில் என்ன வெட்கம்? அக்கம்பக்கத்துக்குப் பயந்து சோதனைத் தேதியை விடுவதே பலரை மறுபடியும் படுக்கையில் தள்ளுகிறது.

சிகிச்சை முடிந்த சில வாரங்களுக்கு ஞாபகம் மங்கலாக இருக்கலாம். எனவே மாத்திரைப் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்க வேண்டும். நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களில்தான். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, சோற்றைத் தட்டிலேயே விடுவது, தொலைபேசி அடித்தாலும் எடுக்காதது என்று சென்ற முறை எப்படித் தொடங்கியதோ அதை ஒரு தாளில் எழுதி வைக்கலாம். அவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால், அடுத்த சோதனைத் தேதிவரை காத்திருக்காமல் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லலாம்.